வீட்டுக்குப் போற ரோட்டு: மன்னாரிலிருந்து மடுல்கெல்ல வரை

இந்தப் பொங்கலுக்கு எங்களில் ஒருத்தி மன்னாரிலிருந்து மடுல்கெல்லைக்கு ஸ்கூட்டியில் தனியாக வந்தாள். விடியக்காலை நாலரைக்குக் கிளம்பினவள் லயத்து வாசலில் வண்டியை நிப்பாட்டும்போது பின்னேரம் நாலு மணி தாண்டிவிட்டது. மீட்டரில் 240 கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருந்தது.

இதை அவளே எழுதியிருக்கலாம். கேட்டோம். "என் பேரைப் போட்டா அம்மாவுக்குத்தான் ஏச்சு விழும். 'நாங்க'ன்னு போட்டு எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். ஆகவே இது அவளுடைய பயணமும் எங்களுடைய வாக்குவாதமும் சேர்ந்த கட்டுரை. வாக்குவாதம் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவள் வழியில் நின்று நின்று அனுப்பின படங்களையும் குரல் பதிவுகளையும் வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்க எங்கள் குரூப்பில் ஒரே சண்டை.

மூன்று கட்சி இருந்தது. முதல் கட்சி: "செம்ம மச்சி! நம்ம பக்கத்துப் பொம்பளப் புள்ள ஒண்ணு தனியா ரோட் ட்ரிப் போறது எவ்வளவு பெரிய விசயம்." இரண்டாவது கட்சி: "இதெல்லாம் என்னா ட்ரிப்? பஸ்ஸில வந்தா ஆகாதா? லீசிங் கட்ற வண்டியில இந்த சீன் தேவையா?" மூன்றாவது, வயதில் மூத்த ஒரு அண்ணன். அவர் ஒரே ஒரு வரிதான் போட்டார்: "அவ வர்ற ரோடு எந்த ரோடுன்னு யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?"

அந்த வரிக்குப் பிறகுதான் பேச்சு திரும்பியது.

*

தனிப் பயணம் என்றால் இப்போது எல்லோருக்கும் ஒரு படம் மனதில் வருகிறது. ஒரு பைக், ஒரு பை, ஹெல்மெட்டில் ஒட்டின கமெரா. பின்னணியில் பாட்டு. மலை வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு, "என்னையே நான் கண்டுபிடிச்சேன்" என்று ஒரு வசனம். நாங்களும் இந்த வீடியோக்களை விழுந்து விழுந்து பார்க்கிறவர்கள்தான். பொய் சொல்லவில்லை. எங்கள் பெடியன்கள் சிலருடைய பைக்கில் சே குவேராவின் ஸ்டிக்கரும் இருக்கிறது. ஆனால் 1952இல் சே மோட்டார் சைக்கிளில் தென்னமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியபோது தனியாகப் போகவில்லை. கூடவே அல்பேர்த்தோ கிரனாடோ இருந்தார். வண்டியும் பாதி வழியிலேயே படுத்துவிட்டது. மிச்சத்தை நடந்தும் லொறியில் தொற்றியும்தான் போனார்கள். அந்தப் பயணத்தில் அவர் கண்டது தன்னை மட்டுமில்லை. சிலியின் செப்புச் சுரங்கத் தொழிலாளர்களையும், அமேசன் கரையில் இருந்த தொழுநோயாளர்களையும் கண்டார்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். தனியாகப் போகிறவர் தன்னை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் ரோட்டைத் தவறவிட்டுவிடுவார். அதுவும் இந்த ரோட்டை.

*

மன்னாரிலிருந்து கிளம்பினால் முதலில் தாம்போதி. இரண்டு பக்கமும் கடல் தண்ணீர், இருட்டு, காற்று. தை மாதம் என்பதால் வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளுகிற காற்று. முதல் குரல் பதிவு அங்கேதான். அதில் காற்றுச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கட்டுக்கரைக் குளத்தருகே வெளிச்சம் வந்தது. குளம் நிரம்பியிருந்தது, வயல் பச்சை. முருங்கன், மடுச் சந்தி, செட்டிகுளம், மதவாச்சி. அங்கே ஏ9 வீதியில் ஏறி தெற்கே திரும்பினால் மிகிந்தலை, கெக்கிராவ, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை.

இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். எங்கள் பாட்டன் பாட்டிகளுடைய பாட்டன் பாட்டிகள் நடந்த வழி ஏறத்தாழ இதுதான். 1820களில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டம் போடத் தொடங்கியதிலிருந்து, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கமிருந்து சனங்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரைக்கும் நடை. தலைமன்னாரிலிருந்து கணக்குப் பார்த்தால் 230 கிலோமீற்றர் அளவு. எங்கள் ஆள் அந்தத் தூரத்தை ஒரு பகலுக்குள் முடித்தாள். அவர்களுக்கு நாள்கணக்காகும். வழியில் குடிதண்ணீர் இல்லை. வாந்திபேதி வந்தால் விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் நடக்க வேண்டியதுதான். எத்தனை பேர் வழியிலேயே செத்தார்கள் என்று யாரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை. எண்ணாமல் விட்டதே ஒரு கணக்குத்தான்.

இதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஓரளவு படித்திருக்கிறோம். ஆனால் இந்த முறை பேசும்போதுதான் ஒரு விசயம் உறைத்தது. கோப்பிக் காலத்தில் இந்த ரோடு வேலைக்கு வருகிற ரோடு மட்டுமில்லை, வீட்டுக்குப் போகிற ரோடும் இதுவேதான். கோப்பிப் பழம் பறிப்பது வருசத்தில் சில மாதம். அறுவடைக்கு வந்தவர்களில் நிறையப் பேர் வேலை முடிய, கையில் மிஞ்சின காசோடு, இதே காட்டுவழியில் வடக்கே திரும்பி நடந்தார்கள். அவர்களுக்கு வீடு அந்தப் பக்கம். கண்டி வெறும் வேலைத்தலம்.

பிறகு 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. பத்து இருபது வருசத்தில் கோப்பி போய்த் தேயிலை வந்தது. மடுல்கெல்ல, பன்வில, நக்கிள்ஸ் அடிவாரம் எல்லாமே முதலில் கோப்பித் தோட்டங்கள்தான். தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருசம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே ஆளும் வருசம் முழுக்க வேண்டும், குடும்பத்தோடு வேண்டும். லயம் கட்டினார்கள். பிள்ளைகள் இங்கேயே பிறந்தன. அப்படியே மெதுவாக, யாரும் ஒரு நாள் குறித்துச் சொல்லாமலேயே, வீட்டின் திசை மாறிவிட்டது. வடக்கே இருந்த வீடு தெற்கே வந்துவிட்டது.

எங்கள் ஆள் மதவாச்சியில் தெற்கே திரும்பும்போது போட்ட பதிவில், "இனி நேரா வீடுதான்" என்று சொல்கிறாள். அந்த மூன்று வார்த்தையைச் சொல்வதற்கு எத்தனை தலைமுறை ஆகியிருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறோம்.

*

ஆனால் வீடு தெற்கேதான் என்று நாம் சொன்னால் போதுமா? மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருசம் வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எது எவருடைய வீடு என்று இரண்டு நாட்டுத் தலைவர்கள் மேசையில் இருந்து முடிவு செய்தார்கள். வீட்டில் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அப்படித்தான் இரண்டாவது முறை எங்கள் சனம் தலைமன்னார்ப் பக்கம் போனது. இந்தத் தடவை நடையில்லை, கோச்சி. கண்டி, மாத்தளைப் பக்கத்து ஸ்டேசன்களில் ஒரே குடும்பத்தில் பாதிப் பேர் பெட்டிக்குள்ளும் பாதிப் பேர் மேடையிலுமாக நின்று அழுத கதை எங்கள் எல்லோருடைய வீட்டிலும் இருக்கிறது. எங்களில் ஒருவருடைய அம்மாயிக்கு நாலு அக்கா தங்கச்சி. மூன்று பேர் கப்பலேறிவிட்டார்கள். ஒருவர் கூடலூரில் இருந்தார் என்று தெரியும். மற்ற இரண்டு பேருடைய கடிதம் எண்பதுகளோடு நின்றுவிட்டது. கப்பலும் அந்தக் காலத்தோடுதான் நின்றது.

மூன்றாவது முறை 1977. பிறகு 1983. அடித்து விரட்டியபோது தோட்டங்களை விட்டு ஓடினவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். அதே ரோடு. மறுபடியும் வடக்கே. போனவர்களை அங்கேயும் யுத்தம் விடவில்லை.

நான்காவது முறை 2023. மலையக மக்கள் வந்து 200 வருசம் என்பதை நினைவுபடுத்தி, யூலை 28ஆந் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணம். 'மாண்புமிகு மலையக மக்கள்' என்று பெயர். இந்தத் தடவை விரட்டியும் இல்லை, கூட்டிக்கொண்டு வந்தும் இல்லை. தாங்களாகவே நடந்தார்கள். வழியில் இருந்த தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள். எங்களில் இரண்டு பேர் கடைசி நாள் மாத்தளையில் போய்ச் சேர்ந்துகொண்டோம். பதினைந்து நாள் வெயிலில் நடந்து கறுத்துப்போன முகங்களைப் பார்த்தபோது, நாங்கள் பஸ்ஸில் வந்து இறங்கியது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த அண்ணன் கேட்டது இதைத்தான். இந்த ரோட்டில் ஒத்தை ஆளாக யாரும் வந்ததே இல்லை. கூட்டமாகக் கொண்டுவரப்பட்டார்கள், கூட்டமாக அனுப்பப்பட்டார்கள், கூட்டமாக ஓடினார்கள், கூட்டமாக நடந்தார்கள். தன் இஷ்டத்துக்கு, தன் நேரத்துக்கு, தன் வண்டியில், கையில் அடையாள அட்டையோடு, ஒரு பொம்பளப் பிள்ளை தனியாக வருவது என்பது நேற்று வரைக்கும் நடக்கக்கூடிய காரியமே இல்லை. ஆகவே முதல் கட்சி கைதட்டியதில் தப்பில்லை. எதற்குக் கைதட்டுகிறோம் என்று தெரிந்து தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

*

இரண்டாவது கட்சிக்கும் ஒரு பதில் இருக்கிறது. "பஸ்ஸில வந்தா ஆகாதா?"

ஆகும். ஆனால் பண்டிகை நேரத்தில் மன்னாரிலிருந்து மடுல்கெல்லைக்கு வருவதென்றால் மூன்று நாலு பஸ் மாற வேண்டும். கண்டிக்கு இருட்டி வந்து சேர்ந்தால் வத்தேகம, பன்வில பக்கம் போகிற கடைசி பஸ் போயிருக்கும். பிறகு தெரிந்தவர் வீட்டில் தங்க வேண்டும், அல்லது ஓட்டோவுக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும். நெரிசல் பஸ்ஸில் ஒரு பெண் படுகிற பாட்டை நாங்கள் எழுதித்தான் தெரிய வேண்டுமென்று இல்லை. அவள் ஸ்கூட்டி வாங்கினது சீன் போடுவதற்கில்லை. வீட்டுக்கு வருவதற்கு யாருடைய தயவையும் எதிர்பார்க்காமல் இருப்பதற்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022இல் என்றால் இந்தப் பயணம் கணக்கிலேயே வந்திருக்காது. அப்போது கியூஆர் முறை வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வாரத்துக்கு 4 லீற்றர்தான். லீற்றர் 470 ரூபா வரைக்கும் போயிருந்தது. ஒரு லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடுகிற வண்டி என்றாலும் 180 கிலோமீற்றரோடு டாங்கி காலி. தம்புள்ளை தாண்டினால் அதிர்ஷ்டம். அந்த வருசம் தீபாவளிக்கு வராமல் போர்டிங் ரூமிலேயே பாணும் பருப்பும் சாப்பிட்டுக் கிடந்த நாலு பேர் எங்களுக்குள்ளேயே இருக்கிறோம். ஆசைப்பட்ட நேரத்தில் வீட்டுக்குப் போக முடிவது சின்ன விசயம் இல்லை என்று அந்த வருசம் எங்களுக்குப் படிப்பித்துவிட்டுப் போனது.

வழியில் கெக்கிராவ தாண்டி ஒரு சின்னக் கடையில் பிளேன்டீ குடிக்க நின்றிருக்கிறாள். கடைக்கார அம்மா ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, "தனியமத நங்கி?" என்று கேட்டாராம். ஆமாம் என்றதும் எங்கே வீடு என்று கேட்டார். "மடுல்கெல்ல" என்றாள். "அடே, தூரமாச்சே" என்று சிங்களத்தில் சொல்லி, டீக்குக் காசு வாங்காமல் ஒரு கொத்து வாழைப்பழத்தையும் கொக்கியில் மாட்டிவிட்டார். இதையும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டோம். அதே வழியில் தம்புள்ளைக்குக் கிட்ட இரண்டு பேர் பைக்கில் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்து கத்திக்கொண்டு போனதையும் சொன்னாள். அதையும் எழுதுகிறோம். தனியாக வருகிற பெண்ணுக்கு இரண்டும் ஒரே ரோட்டில்தான் கிடைக்கிறது. அதற்காக ரோட்டை விட்டுவிட முடியாது. கத்தினவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

*

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் வாசலில் நின்று ஒரு படம். பிறகு உக்குவெல, வத்தேகம, பன்வில. அதற்குப் பிறகு மடுல்கெல்ல டவுன். இங்கேதான் எங்களுடைய உண்மையான வாதம் தொடங்குகிறது.

மன்னாரிலிருந்து மடுல்கெல்ல டவுன் வரைக்கும் எங்கள் ஆள் ஒரு இடத்திலும் வண்டியை விட்டு இறங்கித் தள்ளவில்லை. டவுனைத் தாண்டித் தோட்டத்து ரோட்டில் ஏறின பிறகு மூன்று தடவை இறங்கினாள். கல்லுப் பேர்ந்து கிடக்கிற ஏற்றம், மழையில் அரித்துக்கொண்டு போன கான், ஒரு வளைவில் ரோட்டே பாதிதான். மார்கழி மழை விட்ட பிறகு எல்லா வருசமும் இப்படித்தான். கடைசி ஏற்றத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளினார்கள். "தனியா வந்தேன், ஆனா கடைசி முந்நூறு மீற்றர் மூணு பேரா வந்தோம்" என்று சிரிக்கிறாள். நாங்களும் சிரித்தோம். ஆனால் இதே ஏற்றத்தில்தான் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவர்களையும் நெஞ்சுவலிக்காரர்களையும் தூக்கிக்கொண்டு இறங்குகிறோம். அதற்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.

ரோட்டுக்கு அடுத்தது விலாசம். இந்த ஸ்கூட்டிக்கு ஹெல்மெட்டை அவள் இணையத்தில்தான் வாங்கினாள், வீட்டு விலாசத்துக்கு அனுப்பச் சொல்லி. படிவத்தில் வீட்டு இலக்கம், தெருப் பெயர் இரண்டும் கட்டாயம். எதைப் போடுவது? எங்கள் விலாசம் என்பது பெயர், லயம், டிவிசன், தோட்டம். கடிதம் தோட்டத்து ஒஃபீஸுக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது வரும், சில நேரம் நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு வரும். போன் மேப்பில் லயத்தைத் தேடினால் கிடைக்காது. பக்கத்தில் இருக்கிற சுற்றுலா விடுதி மட்டும் தெளிவாகக் கிடைக்கும்.

நூறு வருசத்துக்கு முன்னே மண்டபம் முகாமில் எங்கள் ஆட்களுக்கு ஒரு தகரச் சீட்டு கொடுத்தார்கள். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதற்கு எழுத்தும் இலக்கமும் அதில் குத்தியிருக்கும். அதைக் காட்டினால் ஆளைச் சரியான தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், பொதி அனுப்புகிற மாதிரி. ஆளுக்கு விலாசமில்லை, தோட்டத்துக்குத்தான் விலாசம். இன்றைக்கும் கடித உறையில் நாங்கள் எழுதுவது அந்தத் தகரச் சீட்டின் மறுபதிப்புத்தான்.

அடுத்தது வீடு. எங்கள் ஆளின் வீடு பழைய லயத்தில் ஒரு காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னுக்கு இழுத்துக் கட்டின ஒரு இஸ்தோப்பு, பின்னால் தகரம் அடித்த குசினி. அவளுடைய அப்பா போன வருசம் கூரைக்குப் புதுத் தகரம் போட்டார். சுவருக்குப் பச்சை பெயின்ட் அடித்தார். தரைக்கு டைல்ஸ் போட வேண்டும் என்று அவள் மன்னாரில் இருந்து மாதாமாதம் சீட்டுக் கட்டுகிறாள். ஆனால் அந்த நிலத்துக்கு உறுதி இல்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயத்துக்குள் புழங்குகிற நாலைந்து தலைமுறை மாத்திரம் யாருடையது என்று தெரியாது. 7 பேர்ச், 10 பேர்ச் என்று வருசத்துக்கு ஒரு பேச்சு வருகிறது. இந்திய உதவியில் 4,000 வீடு, 2017இல் மேலும் 10,000 என்று அறிவித்தார்கள். கிடைத்தவர்களுக்குச் சந்தோசம். கிடைக்காத லயங்களில்தான் பெரும்பாலும் எங்கள் பொங்கல் பானை பொங்குகிறது.

நாடற்றவர் என்ற பட்டம் 2003 சட்டத்தோடு போய்விட்டது. நாடு கிடைத்தது. நாட்டுக்குள்ளே வீடு இன்னும் கிடைக்கவில்லை.

*

பொங்கலுக்கு மறுநாள் காலையில் அதே தோட்டத்து ரோட்டில் ஐந்து பெரிய பைக்குகள் வந்தன. நக்கிள்ஸ் பார்க்க வந்தவர்கள். நல்ல ஜாக்கெட், நல்ல கமெரா. எங்கள் ஆள் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் லயத்தைப் படமெடுத்தார். மற்றவர், "இங்க ஹோம்ஸ்டே இருக்கா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், கோபிக்க ஒன்றுமில்லை. அவர்களுக்கு இந்த இடம் பயணத்தின் முடிவில் கிடைக்கிற காட்சி. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மலைத்தொடர். அழகுதான், நாங்கள் இல்லையென்று சொல்லவில்லை. மழை விட்டு மூட்டம் கலைகிற நேரத்தில் அந்த மலையைப் பார்த்தால் எங்களுக்கே பேச்சு வராது.

ஆனால் அன்றைக்கு அவள் எங்களிடம் சொன்னது இது: "அவங்க கேமராவில எங்க லயம் எப்பிடி விழுந்திருக்கும்னு யோசிச்சேன். அப்புறம் என் போனை எடுத்துப் பார்த்தேன். நான் வழியெல்லாம் எடுத்த படமும் அப்பிடியேதான் இருந்துச்சு. குளம், மலை, மூடுபனி. ஒரு ஆள் இல்ல. நம்ம ரோட்டை நானே டூரிஸ்ட் மாதிரிதான் எடுத்திருக்கேன்."

அந்தப் பேச்சுத்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. குற்றம் சொல்வது சுலபம், எங்கள் கையும் அதில் இருக்கிறது. கொழும்பிலும் மன்னாரிலும் கட்டுநாயக்கவிலும் டுபாயிலும் இருக்கிற நாங்கள் பண்டிகைக்கு வீட்டுக்கு வருகிறோம், நாலு நாள் நிற்கிறோம். கொழுந்து மலையில் நின்று செல்ஃபி எடுத்து "மை ஹோம்" என்று போடுகிறோம். அம்மாவுடைய கையில் கொழுந்துக் காம்பு வெட்டின கறுப்புக் கோடுகள் அந்தப் படத்தில் விழுவதில்லை. 2021இல் நாட்கூலி 1,000 ரூபா ஆவதற்கு எத்தனை வருசம் தெருவில் நின்றார்கள், 2024இல் 1,350 என்று வர்த்தமானி வந்த பிறகும் கிலோக் கணக்கில் எவ்வளவு வெட்டுகிறார்கள் என்பதெல்லாம் நாங்கள் கேட்காமலேயே லீவு முடிந்துவிடுகிறது.

ஆகவே தனியாக ரோட்டில் இறங்குகிற எல்லா மலையகப் பிள்ளைகளுக்கும் நாங்கள் சொல்வது: போங்க. கட்டாயம் போங்க. அக்கா தங்கச்சிமார் முக்கியமாகப் போங்க. டயரையும் பிரேக்கையும் பார்த்துக்கொண்டு, இருட்டுக்கு முன்னே வந்து சேர்கிற மாதிரி நேரம் பிடித்து, இடையிடையே வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிட்டுப் போங்க. தன்னந்தனியாக வீட்டுக்குப் போகிற சுகத்தை யாரும் உங்களிடம் இருந்து பறிக்க வேண்டியதில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கவும் வேண்டியதில்லை.

ஆனால் வந்து சேர்ந்த பிறகு மூன்று வேலை இருக்கிறது. ஒன்று, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து, "நம்ம ஆளுங்க எந்த வழியா வந்தாங்க? யாரு திரும்பிப் போனாங்க? எங்க இருக்காங்க?" என்று கேட்டு போனில் பதிவு செய்யுங்கள். இன்னும் பத்து வருசத்தில் கேட்க ஆளிருக்காது. இரண்டு, வீட்டில் பழைய தகரப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். பிறப்புப் பத்திரம், பிரசாவுரிமைச் சான்றிதழ், பழைய பாஸ்போட், செக்ரோல் துண்டு எதுவாக இருந்தாலும் படமெடுத்து வையுங்கள். நாளைக்கு உறுதி கேட்டு நிற்கும்போது நாங்கள் எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறோம் என்று அந்தக் காகிதம்தான் பேசும். மூன்று, தோட்டத்து ரோட்டின் உடைந்த இடங்களையும் லயங்களையும் படமெடுத்து, எங்கே இருக்கிறது, எத்தனை குடும்பம் என்று எழுதிப் பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் தமிழில் கடிதமாகக் கொடுங்கள். பதில் வராது என்று தெரியும். கொடுத்ததற்குப் பதிவு இருக்க வேண்டும். திரும்பக் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஆள் இதில் முதல் இரண்டையும் செய்துவிட்டாள். அவளுடைய அம்மாயிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். "மன்னாரிலருந்து தனியா வந்தியா? அம்புட்டுத் தூரமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க தாத்தன் நடந்து வந்தாரு. வழியில ஒரு தங்கச்சியைப் புதைச்சிட்டு வந்தாராம். எந்த இடம்னு தெரியாமலே செத்துப் போயிட்டாரு" என்று சொன்னார். அவள் பதிவை நிறுத்தாமல் விட்டிருக்கிறாள். பின்னால் பொங்கல் பானை கொதிக்கிற சத்தமும், அடுத்த காம்பராவில் பிள்ளைகள் கத்துவதும் கேட்கிறது. கடைசியில் அம்மாயியின் குரல்: "திரும்பப் போகையில பாத்துப் போ, புள்ள. அந்த ரோட்டுல நம்ம ஆளுங்க நெறையப் பேர் படுத்திருக்காங்க."

லீவு முடிந்து அவள் திரும்பிப் போனாள். தம்புள்ளைக்கும் மதவாச்சிக்கும் இடையில் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, காட்டோரமாகக் கொஞ்ச நேரம் நின்றாளாம். எந்த இடம் என்று அவளுக்கும் தெரியாது. படம் எடுக்கவில்லை.